நூற்றொரு ரூபாயை எப்படி எழுதுவது?

தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதக் காலத்தில், எங்கள் ஊர்க் கோவில் அலுவலகத்தின் காணிக்கை மேசைக்கு முன்னே மாலைதோறும் வரிசை நீளும். சில ஆண்டுகளுக்கு முன்பு, கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிவந்த ரசீதுப் புத்தகத்துக்கு மாற்றாக ஒரு சிறு நிரலை எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். பகலில் மொரிசியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஒரு நிறுவனத்துக்காக ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதுபவனுக்கு இது இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்தேன். முதல் மாலையில் அச்சான முதல் ரசீதில், தொகை இருக்க வேண்டிய இடத்தில் நான் எழுதிய கிளாஸின், அதாவது தொகைக்கென்று நிரலில் நான் வகுத்த தரவு வகையின், பெயரும், ஒரு @ குறியும், அதன் பின்னே எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு கோவையும் இருந்தன. அதை வாங்கிப் பார்த்த அம்மையார், "இது என்னுடைய கணக்கு எண்ணா, தம்பி?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

எழுத்து வடிவம் இன்னதென்று சொல்லப்படாத எந்தப் பொருளையும் அச்சிடச் சொன்னால், ஜாவா அதன் வகைப் பெயரையும் கணினி அதற்குக் கணக்கிட்டுத் தரும் ஹாஷ் எண்ணைப் பதினாறடிமானத்திலும் சேர்த்து எழுதிவிடும். மற்ற நிரல்மொழிகளில், பைத்தான் கோண அடைப்புக்குள் வகைப் பெயரையும் நினைவக முகவரியையும் தரும். சி ஷார்ப் வகையின் முழுப் பெயரை மட்டும் தரும். ஜாவாஸ்கிரிப்ட் சதுர அடைப்புக்குள் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். இவை எல்லாமே நிரலாளரைப் பார்த்துச் சொல்லப்படும் விடைகள். வரிசையில் நிற்பவரை அவற்றுக்குத் தெரியாது.

தொகையை வெறும் எண்ணாக வைக்காமல் தனி வகையாக அமைத்ததில் தவறு எதுவும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தில் ஒரு பங்கை இரும மிதவைப் புள்ளி எண்ணால் துல்லியமாகக் குறிக்க முடியாது என்பதால், பணத்தைச் சென்ட் கணக்கில் முழு எண்ணாகவும், நாணயத்தை எம்.யு.ஆர் என்ற மூன்றெழுத்துக் குறியீடாகவும் ஒன்றாகக் கட்டிவைப்பதே முறை. ரூபாயும் யூரோவும் தவறுதலாகக் கூட்டப்படாமல் இருப்பதும் அதனால்தான். பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து காவடிக்கு வரும் உறவினர்கள் யூரோவில் காணிக்கை தருவது எங்கள் கோவிலில் புதிதல்ல. வகை சரியாக இருந்தது. ஆனால் அது மனிதரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அன்று இரவே, ஒரு பொருளின் எழுத்து வடிவம் இன்னதென்று ஜாவாவுக்குச் சொல்லும் டூ-ஸ்ட்ரிங் மெத்தடை எழுதி, "ரூ 1,001.00" என்று வரும்படி செய்தேன். வேலை முடிந்துவிட்டது என்று நம்பி ஓர் ஆண்டு நிம்மதியாகவும் இருந்தேன். அதற்குள், வரவு செலவு பார்க்கும் இன்னொரு தொண்டர், என் நிரல் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும் வரிகளைப் படித்து, எண்ணையும் புள்ளியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் களைந்து, அன்றைய வசூலைக் கூட்டும் ஒரு சிறு நிரலைத் தாமாகவே எழுதிவைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய வழியும் இல்லை. அடுத்த ஆண்டு, ரசீதில் தொகை பிரெஞ்சு முறையில் இருந்தால் எல்லோருக்கும் வசதி என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்க, அதே டூ-ஸ்ட்ரிங்கை "1 001,00 ரூ" என்று மாற்றினேன். பிரெஞ்சில் தசமக் குறி காற்புள்ளி அல்லவா? அவருடைய நிரல் அந்தக் காற்புள்ளியைக் களைந்துவிட்டு 100100 என்று படித்தது. அன்றைய வசூல் நூறு மடங்காகப் பெருகியது. முருகன் அருள் என்று ஒருவரும் நம்பவில்லை.

இந்த இரண்டு விபத்துகளும் ஒரே இடத்தில் வேர் கொண்டவை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு மதிப்பின் எழுத்து வடிவத்துக்கு வாசகர்கள் இருவர்: பிழை தேடும் நிரலாளர் ஒருவர், பயனர் மற்றவர். முதல் முறை நிரலாளருக்கான வடிவம் பயனர் கைக்குப் போனது. இரண்டாம் முறை பயனருக்கான வடிவம் பதிவுக் கோப்புக்குள் போய், அங்கே மூன்றாவதாக ஒரு வாசகரை, அதாவது இன்னொரு நிரலை, ஈன்றுவிட்டது. மனிதருக்கென்று எழுதிய எழுத்தை இயந்திரம் படிக்கத் தொடங்கிவிட்டால், பிறகு அதில் ஒரு இடைவெளியைக்கூட நம்மால் நிம்மதியாக மாற்ற முடியாது.

ஜாவா இந்த இருவருக்கும் ஒரே வாசலைத்தான் வைத்திருக்கிறது. பைத்தான் இரண்டு வைத்திருக்கிறது: ஸ்டர் என்பது படிப்பவருக்கு, ரெப்ர் என்பது பிழை திருத்துபவருக்கு. ஒரு தேதியைத் தனியாக அச்சிட்டால் அது படிக்கத்தக்க தேதியாக வருவதும், அதையே ஒரு பட்டியலுக்குள் வைத்து அச்சிட்டால் வகைப் பெயரும் அடைப்புக்குறியுமாக வருவதும், பட்டியல் தன் உறுப்புகளை ரெப்ர் வழியாகவே கேட்கும் என்பதால்தான். புதியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இப்போது இது நியாயமாகப் படுகிறது: பட்டியலை அப்படியே பயனரிடம் நீட்டுவது எப்படியும் அரைகுறை வேலைதான்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது ரஸ்ட் மொழியின் கறார்த்தனம். அங்கே பிழை திருத்துபவருக்கான டீபக் என்ற வடிவத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே எழுதிக் கொடுத்துவிடும். டிஸ்ப்ளே என்ற பயனர் வடிவத்தை அப்படிக் கேட்க நிலையான நூலகத்தில் வழியே இல்லை. அதை நிரலாளர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதாமல் அச்சிட முயன்றால் நிரல் தொகுக்கவே படாது. ஒரு தொகையோ முகவரியோ மனிதருக்கு எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் அதன் உட்கூறுகளான புலங்களின் பெயர்களை வைத்து எந்த இயந்திரமும் ஊகிக்க முடியாது என்ற ஒப்புதல் அந்த மறுப்பில் இருக்கிறது. நான் அன்று ரஸ்டில் எழுதியிருந்தால் அந்த அம்மையார் என்னிடம் கணக்கு எண்ணைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். (கோ மொழியில் ஸ்ட்ரிங் மெத்தடுக்குள்ளேயே அதே பொருளை மறுபடி ஸ்ட்ரிங்காக வடிவமைக்கச் சொல்லி, முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்ட கதை என்னிடம் தனியாக இருக்கிறது. அது இங்கே வேண்டாம்.)

தன்னியக்கமாகக் கிடைக்கும் வடிவத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. ஜாவா 16-இல் நிலைபெற்ற ரெக்கார்டு வகையும் காட்லின் மொழியின் டேட்டா கிளாஸும் தம் எல்லாப் புலங்களையும் வரிசையாக எழுதும் டூ-ஸ்ட்ரிங்கைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. காணிக்கை அளித்தவரின் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் மூன்றும் ஒரே ரெக்கார்டில் இருந்தால், யாரோ எங்கோ எழுதிய ஒரு பதிவு வரியில் மூன்றும் கொட்டிவிடும். மொரிசியஸில் 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது, அதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் எங்கள் நிரலில் அந்த ரெக்கார்டின் டூ-ஸ்ட்ரிங்கைக் கையால் எழுதி, ரசீது எண்ணை மட்டும் சொல்லும்படி வைத்திருக்கிறேன்.

இனிப் பிரெஞ்சு விவகாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தீவில் அதைத் தவிர்க்க இயலாது. அரசுப் படிவம் ஆங்கிலத்தில் வருகிறது. செய்தித்தாள் பிரெஞ்சில் வருகிறது. வீட்டில் கிரியோல் பேசுகிறோம். கோவிலில் தமிழ் ஒலிக்கிறது. "1,250" என்ற எழுத்தை ஆங்கிலக் கண் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிக்கும். பிரெஞ்சுக் கண் ஒன்றேகால் என்று படிக்கும். இரண்டு கண்களும் இங்கே ஒரே முகத்தில் இருக்கின்றன. ஜாவாவின் ஸ்ட்ரிங் வடிவமைப்பு, எந்த வட்டார வழக்கு, அதாவது எண்ணையும் தேதியையும் எழுதும் எந்த ஊர் முறை, என்று சொல்லாவிட்டால், ஓடும் கணினியின் வழக்கை எடுத்துக்கொள்ளும். என் மடிக்கணினி ஆங்கிலத்தில் இருந்தது, கோவில் கணினி பிரெஞ்சில் இருந்தது. என்னிடம் சரியாக ஓடிய சோதனை அங்கே ஓடவில்லை. இதற்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட வழக்கம் எளியது: கோப்புக்கும் தரவுத்தளத்துக்கும் போகும் எதற்கும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ரூட் வழக்கை வெளிப்படையாகச் சொல்வது, பயனருக்குப் போகும் எதற்கும் அந்தப் பயனரின் வழக்கை வெளிப்படையாகச் சொல்வது, சொல்லாமல் விடுவது என்ற மூன்றாவது வழியை அடைத்துவிடுவது.

அப்படிச் சொன்ன பிறகும் ஓர் இடைவெளி என்னைப் பழிவாங்கியது. பிரெஞ்சில் ஆயிரங்களைப் பிரிக்கும் இடைவெளி, விசைப்பலகையில் நாம் தட்டும் இடைவெளி அல்ல. உலக மொழிகளின் வடிவமைப்பு விதிகளைத் திரட்டித் தரும் யூனிகோட் சி.எல்.டி.ஆர் தொகுப்பு, 2018-இல் வந்த தன் 34-ஆம் பதிப்பில், அதை வரி உடையாத சாதாரண இடைவெளியிலிருந்து வரி உடையாத குறுகிய இடைவெளியாக மாற்றியது. ஜாவா 13 வழியாக அது எங்களுக்கு வந்து சேர்ந்தது. அச்சுக்கலை நோக்கில் அது சரியான மாற்றம். ஆனால் கோவிலின் ரசீது அச்சுப்பொறி அந்த எழுத்தை அறியாது, "1?001,00" என்று கேள்விக்குறியோடு அச்சிட்டது. காணிக்கையின் மீதே சந்தேகம் எழுப்பும் ரசீது! திரையில் பார்த்தால் பழைய இடைவெளியும் புதிய இடைவெளியும் கொண்ட இரண்டு எழுத்துக் கோவைகளும் ஒன்றுபோலவே இருந்தன. சமம்தானா என்று நிரலைக் கேட்டால் இல்லை என்றது. ஒரு முழு மாலை அதில் போயிற்று. இதே தொகுப்பின் 42-ஆம் பதிப்பு 2022-இல் ஆங்கில நேரத்தில் முற்பகல், பிற்பகல் குறிகளுக்கு முன்னும் இந்தக் குறுகிய இடைவெளியை நுழைத்தபோது, உலகம் முழுவதும் நிரலாளர்கள் அதே மாலையைக் கழித்தார்கள் என்பது எனக்குச் சற்று ஆறுதல்.

தமிழில் வந்த சிக்கல் வேறு வகையானது. சி.எல்.டி.ஆர் தொகுப்பில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு நாட்டு வழக்குகள் உண்டு. மொரிசியஸுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல் மூன்றும் உண்டு, தமிழ் இல்லை. மொரிசியஸ் தமிழ் என்று கேட்டால் நிரல் குறை சொல்லாமல் பொதுத் தமிழுக்குத் தாவிவிடும். பொதுத் தமிழ் என்பது இந்திய வழக்கு. ஆகவே ஒன்றேகால் இலட்சம் ரூபாய் "1,25,000" என்று வரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துப் பழகியவர்கள். இலட்சம் என்ற சொல் பாட்டி கதைகளில் வருவது. அந்தக் காற்புள்ளியைப் பார்த்ததும் ஒரு சுழியம் விட்டுப்போனதோ என்றே நினைத்தார்கள். மலேசியத் தமிழ் வழக்கு மூன்று இலக்கமாகவே பிரிப்பதால், அதைக் கடன் வாங்கி, நாணயக் குறியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். மொரிசியஸ் கோவிலின் ரசீதை மலேசியத் தமிழ் அச்சிடுகிறது என்பது இந்தக் கட்டுரையைப் படிக்கும்வரை நிர்வாகக் குழுவுக்குத் தெரியாது.

ஒரு மதிப்பை எந்த வரிசையில், எந்த எழுத்தில் காட்டுவது என்பதைச் சில்லறை விஷயமாக இந்த நாட்டில் யாரும் கருத மாட்டார்கள். நம் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதன் பின் தேவநாகரியும் இருந்துவந்த வரிசை, 1998-இல் வெளிவந்த புதிய தாள்களில் மாறி, தேவநாகரி முன்னும் தமிழ் பின்னும் வந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு மீண்டும் அச்சிடப்பட்டன. நூறு ரூபாய்த் தாளில் மொரிசியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனின் படம் இருக்கிறது. அதன் மதிப்பு எந்த வரிசையிலும் நூறுதான். ஒரே மதிப்புக்கு மூன்று எழுத்து வடிவம், அவற்றுள் ஒரு வரிசை என்ற கணக்கைப் பள்ளிப் பருவத்திலேயே பார்த்துவிட்ட நான், முப்பது வயதில் ஒரே டூ-ஸ்ட்ரிங் போதும் என்று எப்படி நம்பினேன் என்று இப்போது வியக்கிறேன்.

பெயர்கள் வந்த இடத்தில் வடிவமைப்பு என்னை இன்னொரு முறை ஏமாற்றியது. ரசீதின் அகலம் குறைவு என்பதால் பெயரைக் குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டும்படி எழுதியிருந்தேன். 'முருகன்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோட் கணக்கில் உகரக் குறிகளும் புள்ளியும் சேர்ந்து ஏழு குறி. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் இருபத்தொரு பைட். ஆறில் வெட்டினால் புள்ளி மட்டும் விழுந்து 'முருகன' என்று நிற்கும். அர்ச்சனைச் சீட்டில் இறைவன் பெயரே புள்ளி இழந்து நின்றதைப் பார்த்த குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று தோன்றியது. நெடுக்கு வரிசையை நேராக்க இடைவெளிகளை நிரப்பும் வேலையும் தமிழில் இதே காரணத்தால் கோணிப்போகும். கடைசியில் தமிழ் வரிகளைப் படமாக வரைந்து அச்சுப்பொறிக்கு அனுப்பினேன். அகலத்தைக் குறிகளின் எண்ணிக்கையில் அளப்பதை விட்டுப் அச்சுப்பொறி இடும் மைப்புள்ளிகளின் எண்ணிக்கையில் அளந்த பிறகே நெடுக்கு வரிசைகள் நேரானது.

எல்லாவற்றிலும் கடினமானது, நான் எளிதென்று எண்ணிக் கடைசிக்கு ஒதுக்கிய வேலை: தொகையைச் சொல்லால் எழுதுவது. கோவில் பொருளாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர், என்னையும் கற்பித்தவர். மாதிரி ரசீதை அவரிடம் காட்டியபோது, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார்.

"தம்பி, நூறு ஒன்று என்று எந்த ஊரில் சொல்வார்கள்?"

நான் நூறுகளையும் பத்துகளையும் ஒன்றுகளையும் தனித்தனிப் பட்டியலில் வைத்து, இடையே இடைவெளி விட்டு ஒட்டியிருந்தேன். தமிழ் அப்படி ஒட்டாது. பின்னால் ஏதேனும் வந்தால் நூறு நூற்றாகும், இருபது இருபத்தாகும், ஆயிரம் ஆயிரத்தாகும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒன்பதை முன்னே விட்டுவிட்டு வேறு வழியில் போகும். ஒன்பதாயிரத்தில் ஒன்பது திரும்பி வந்துவிடும். ஆக, ஓர் இலக்கத்தை எழுதுவதற்கு முன், அதற்கு வலப்புறம் சுழியமல்லாத ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். பிரெஞ்சும் இதில் சளைத்ததல்ல: எண்பதும் இருநூறும் தனித்து நிற்கும்போது எழுத்தில் ஒரு பன்மை எஸ் பெறும், பின்னால் எண் வந்தால் அதை இழந்துவிடும். இரண்டு மொழிகளும் தம் வலப்புறத்தைத் திரும்பிப் பார்த்தே பேசுகின்றன. எங்கள் கோவிலில் காணிக்கை பெரும்பாலும் 101, 501, 1001 என்று ஒன்றில் முடிவதால், அரிதான விளிம்பு நிலை என்று நான் நினைத்தது ஏறக்குறைய ஒவ்வொரு ரசீதிலும் வந்துகொண்டிருந்தது.

திருத்தி எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். "நூற்று ஒன்று ரூபாய் மட்டும்" என்று அச்சாகியிருந்தது. மறுபடியும் சிவப்புப் பேனா.

"ஒன்று ரூபாய் என்று கடையில் கேட்பாயா? ஒரு ரூபாய் என்றுதானே கேட்பாய்?"

இந்த இடத்தில்தான் நான் உண்மையில் ஏதோ கற்றுக்கொண்டேன். நான் எழுதியிருந்தது எண்ணைச் சொல்லாக்கும் ஒரு சிறு நிரல் துண்டு. அதன் விளைவோடு 'ரூபாய்' என்பதைப் பின்னால் ஒட்டுவது வேறொரு வரி. எண்ணுக்குத் தனக்குப் பின் என்ன வரப்போகிறது என்று தெரியாது. பெயர்ச்சொல் பின்னால் வந்தால் 'ஒன்று' 'ஒரு' ஆகும். ஆகவே 'நூற்றொன்று', ஆனால் 'நூற்றொரு ரூபாய்'. பிரெஞ்சிலும், ரூபாயைக் குறிக்கும் சொல் பெண்பால் என்பதால், நூற்றொன்றின் கடைசி 'ஒன்று' அதற்கு முன்னால் பெண்பால் வடிவம் எடுக்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை; அதனால்தான் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வடிவமைப்பு வார்ப்புகளில், 'இங்கே எண், அடுத்து இடைவெளி, அடுத்து அலகு' என்று துளைகள் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகளில் தமிழ் பொருந்தாது. எண்ணையும் அலகையும் ஒன்றாகக் கட்டிய அந்த வகைதான் தன்னை முழுவதுமாக எழுதிக்கொள்ள வேண்டும். பாதியை வெளியே விட்டால் வாக்கியம் முறிந்துவிடும். தொகையைத் தனி வகையாக வைத்ததற்கு முதல் நாள் நான் சொல்லிக்கொண்ட காரணம் சென்ட் கணக்கின் துல்லியம். அதைவிட வலுவான காரணத்தைச் சிவப்புப் பேனா எனக்குக் காட்டியது.

இப்போது அந்த வகையின் டூ-ஸ்ட்ரிங், நாணயக் குறியீட்டையும் சென்ட் எண்ணிக்கையையும் மட்டும் வறட்டுத்தனமாகச் சொல்லும். அது பதிவுக் கோப்புக்கு மட்டும். வரவு செலவுத் தொண்டருக்கென்று புள்ளியும் எண்ணும் கொண்ட ஒரு ஏற்றுமதிக் கோப்பு தனியாக இருக்கிறது. அதன் வடிவத்தை மாற்றும் முன் அவரிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மனிதருக்கான வடிவங்கள், மொழியையும் இடத்தையும் கேட்டுக்கொண்ட பிறகே எழுதும் தனி கிளாஸில் இருக்கின்றன. ஆசிரியர் இடையில் ஒரு நாள், பழைய தமிழ் எண்களில் சுழியம் இல்லாமல் ௱௧ என்று எழுதினால் இத்தனை குழப்பமும் இல்லையே என்று கேட்டார். அது மெய்தான், யூனிகோடிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் அவரைத் தவிர எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ரசீதில் அலகை முன்னே நிறுத்தி, "ரூபாய் நூற்றொன்று மட்டும்" என்று எழுதுவதாக முடிவு செய்தோம். அப்போது எண் தனித்து நிற்பதால் 'ஒன்று' தன் முழு வடிவிலேயே இருக்கலாம். ஆசிரியர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஆனால் காவடி நாளன்று, வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு தொடங்கும் முன், உபயதாரர் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிப்பவரும் அவரே. நான் அச்சிட்டுத் தந்த தாளில் "ரூபாய் ஐந்நூற்றொன்று" என்று இருக்க, அவர் ஒவ்வொரு முறையும் அதை மாற்றி, "ஐந்நூற்றொரு ரூபாய்" என்றே வாசித்தார். அடுத்த வாரம், வாசிப்பதற்கென்று இன்னொரு வடிவத்தை எழுதிச் சேர்த்தேன்.